இருபது வரிப் பக்கம்

"அண்டாவைத் திறக்கட்டுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க சார்" என்றார் சமையல்காரர் ஆண்டிச்சாமி.

எழிலரசன் நிமிரவில்லை. மண்டபத்தின் மணமகள் அறையில், கண்ணாடியைச் சுற்றி எரிந்த பன்னிரண்டு பல்புகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் தாலிக்குக் காத்திருக்கும் பெண்ணைப் போலப் பளபளத்தது. எல்லாம் வேர்வை.

"பத்து நிமிஷம்ண்ணே. பணம் கெளம்பிருச்சு. வந்துக்கிட்டே இருக்கு."

"ஒன்பதேகாலுக்கும் இதேதான் சொன்னீங்க. இப்ப பத்தே முக்கால்."

நூற்றைம்பது கிலோ ஆட்டுக்கறி பின்கட்டில் வெந்து முடிந்து, மூடிய அண்டாக்களுக்குள் இருந்தது. வாசனை மட்டும் மூடிக்குக் கட்டுப்படாமல் மண்டபம் முழுக்கச் சுற்றி, வந்தவர்களின் வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது. ஆண்டிச்சாமிக்கு வர வேண்டிய மீதி எண்பதாயிரம். போன வாரம் வேறொரு ஊரில் பந்தி முடிந்ததும் விருந்து வைத்தவர் செல்போனை அணைத்துவிட்டுக் காணாமல் போயிருந்தார். அன்றிலிருந்து ஆண்டிச்சாமி கையில் காசு, அப்புறம் வாயில் தோசை என்கிற கொள்கைக்கு வந்துவிட்டார்.

ஆலங்குடிப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கஷ்டத்தில் இருப்பவன் கறிச்சோறு போடுவான். அவனிடம் முன்பு மொய் வாங்கியவர்களெல்லாம் வந்து, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டிச் செய்துவிட்டுப் போவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு நோட்டும், அதில் எழுத ஒரு ஆளும் போதும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் ஒரு வீடு விருந்து வைக்கலாம். எழிலரசன் வீட்டின் முறை இன்றைக்கு வந்திருந்தது. அவன் அப்பா காலத்திலிருந்து ஊருக்கெல்லாம் செய்து வைத்த மொய் இன்றைக்குத் திரும்ப வேண்டும். வந்தால் மனைவி தேவிப்ரியாவின், புதன்கிழமை ஏலத்துக்குப் போகவிருக்கும் இருபத்திரண்டு பவுன் நகையை மீட்கலாம். வராவிட்டால் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் மிஞ்சும்.

நகை எப்படி அடகுக்குப் போனது என்பது தனிக் கதை. எழிலரசன் சென்னையில் நல்ல சம்பளத்தில் இருந்தவன். அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, உலகத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு காசுக்கு மென்பொருள் எழுதப் போனான். அதன் பெயர் மிளகு. அரசாங்கம் கிடையாது, வங்கி கிடையாது, முதலாளி கிடையாது. சம்பளமும் மிளகாகவே வந்தது. அவன் சேர்ந்தபோது ஒரு மிளகு இரண்டாயிரம் ரூபாய். இப்போது முந்நூற்று நாற்பது.

மிளகு என்றால் என்னவென்று ஊரில் கேட்டவர்களுக்கு அவன் அழகாகத்தான் விளக்கினான். அதுவும் ஒரு மொய் நோட்டு. ஒரே ஒரு ஆளிடம் இல்லாமல் எல்லார் வீட்டிலும் அதன் நகல் இருக்கும், எவனும் திருத்த முடியாது. அரை மணிக்கு ஒரு பக்கம் எழுதுவார்கள். பக்கத்துக்கு இருபது வரி. யார் எழுதுகூலி அதிகம் வைக்கிறாரோ அவர் பெயர் முதலில் ஏறும், மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

"கூட்டம் சாஸ்தியா வந்தா?" என்று மொய் எழுதும் பிச்சை அன்றைக்கே கேட்டார். முப்பது வருஷமாக நோட்டு பிடித்தவர்.

"காத்திருக்கட்டும்ணே."

"எதுக்குக் காத்திருக்கணும்? பக்கத்தைப் பெருசாக்கிக்க வேண்டியதுதான."

பிச்சை தெரியாமல் கேட்ட இந்தக் கேள்விதான் இரண்டு வருஷமாக மிளகு உலகத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. பின்லாந்துக்காரர் யுஹானி தலைமையில் ஒரு கூட்டம் பக்கத்தைப் பெரிதாக்கச் சொன்னது. எழுத ஆள் வந்து நிற்கும்போது தாள் இல்லை என்று சொல்வது என்ன நியாயம், ஏழை ஐம்பது ரூபாய் அனுப்ப நூறு ரூபாய் கூலி கட்டுவானா என்று யுஹானி கேட்டார். எதிர்க் கூட்டத்துக்குத் தலைவன் எழிலரசன். பக்கம் பெருத்தால் நோட்டு பெருக்கும், நோட்டு பெருத்தால் சாமானியன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, பிறகு அது நாலு பணக்காரன் வீட்டுப் பெட்டிக்குப் போய்விடும், அப்புறம் திருத்தினால் கேட்க நாதியிருக்காது என்று அவன் பக்கம் பக்கமாக எழுதினான். அவசரம் இருப்பவன் கூடக் கட்டட்டும், கூலிதான் சல்லடை என்று அவன் எழுதிய கட்டுரையை ஏழு மொழிகளில் படித்தார்கள். தமிழில் மட்டும் யாரும் படிக்கவில்லை.

அந்தச் சல்லடையில்தான் இப்போது அவனுடைய எண்பதாயிரம் மாட்டிக்கொண்டிருந்தது.

தப்பு சின்னதுதான். காலை ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு இருநூற்று முப்பத்தைந்து மிளகை ரூபாயாக மாற்றித் தருபவருக்கு அனுப்பியபோது, எழுதுகூலியாக மூன்று ரூபாய் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையே இருக்காது. மூன்று ரூபாய்க்கு மேல் வைப்பது ஊதாரித்தனம். அடுத்த பக்கம் எழுதப்பட்டது. அவன் பெயர் இல்லை. எட்டிப் பார்த்தால் வரிசையில் நூற்றிருபது பேர்.

ஒன்பதரைக்குக் கூலியை முப்பதாக்கினான். அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் ஆக்கினார்கள். வரிசை நீண்டால் கூலியைக் கூட்டச் சொல்லி எல்லார் செல்போனிலும் யோசனை சொல்லும் ஒரு வசதி இருந்தது. அதை எழுதியவனும் எழிலரசன்தான். அவன் நூறு வைத்தபோது ஊர் நூற்றுப்பத்து வைத்தது. அவன் இருநூறு வைத்தான், அது இருநூற்றிருபது வைத்தது. பத்தரைக்கு வரிசையில் முந்நூறு பேர். சந்தையில் தன்னோடு தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றிக்கொண்ட ஆள் மாதிரி அவன் கண்ணாடியில் தெரிந்தான்.

ஆண்டிச்சாமி போனதும் தேவிப்ரியா வந்தாள். பட்டுச் சேலை, கழுத்தில் கவரிங்.

"ஏங்க, வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆளு நீங்க. எங்கன்னு கேக்குறவுகளுக்கெல்லாம் நான் என்ன சொல்ல?"

"வேலையா இருக்கேன்னு சொல்லு."

"கல்யாணப் பொண்ணு ரூம்லயா?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளூர் ஆட்கள் ஏதோ எழுதுகிறார்கள், வெளிநாட்டில் இருப்பவர்களின் மொய்தான் ஒன்றுகூட வரவில்லை என்றாள். அவன் வீட்டு மொய்யில் பாதிக்கு மேல் சிங்கப்பூரிலும் துபாயிலும்தான் இருந்தது. வழக்கமாக அவர்களுடைய அப்பா அம்மா வந்து கட்டிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கட்டவில்லை.

"கேட்டா, பய அங்கிட்டிருந்தே செஞ்சிருவான்ங்குறாங்க."

"எல்லாம் சாக்கு" என்றான் எழிலரசன். வேலையை விட்டு வந்தவன், விளங்காதவன் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. விளங்காதவனுக்கு யார் மொய் செய்வார்கள்?

"எண்பதாயிரம்தானே, எங்கண்ணன்கிட்டக் கேக்கவா?"

"கேட்ட, நான் இப்படியே பின்வாசல் வழியா போயிருவேன்."

மொய்ப் பெட்டியிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றலாம். விருந்து முடிந்து பத்துப் பேர் முன்னால் எண்ணும் வரை மொய்ப் பெட்டியைத் திறப்பது அந்தப் பக்கத்தில் கிடையாது. மொய்க்கு அப்படிச் சில கறார்கள் உண்டு. வந்த மொய்யை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தால் அத்தோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். எழிலரசனின் சித்தப்பா ஏதோ கோபத்தில் ஒருவரின் பதினோரு ரூபாயைத் திருப்பினார். பத்தொன்பது வருஷமாக அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது, சாவுக்குக்கூடப் போவதில்லை.

அடுத்ததாக அவனுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. பெரிய நோட்டில் ஏறாமல், இரண்டு பேர் தங்களுக்குள் ஒரு துண்டு நோட்டு வைத்துக்கொண்டு உடனுக்குடன் கொடுத்து வாங்கலாம். கூலி கிடையாது, காத்திருப்பு கிடையாது. பக்கத்தைப் பெரிதாக்க வேண்டாம், துண்டு நோட்டு போதும் என்று உலகத்துக்கு உபதேசம் செய்தவனே அவன்தான். ரூபாய் மாற்றுபவரைக் கூப்பிட்டு, துண்டு நோட்டு போட்டுக்கொள்ளலாமா என்றான். அவரும் சம்மதித்தார். ஆனால் துண்டு நோட்டைத் தொடங்குவதற்குப் பெரிய நோட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும். எழிலரசன் அதற்கும் கூலி வைத்து அனுப்பினான். இப்போது வரிசையில் அவனுக்கு இரண்டு இடம்.

பிச்சை கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். கையில் எழிலரசனின் பழைய செல்போன்.

"தம்பி, இந்தப் போனு பூஜ்யமாவே இருக்கே."

அது மிளகு மொய்க்கான போன். அழைப்பிதழில் பிள்ளையார் படத்துக்குக் கீழே எழிலரசன் ஒரு கட்டம் போட்ட குறி அச்சடித்திருந்தான். அதைப் படம் பிடித்தால் மிளகாகவே மொய் அனுப்பலாம். பணம் வந்து சேரும் முகவரி ஒன்றை இரண்டு பேர் பார்க்கக் கூடாது என்பது அவன் கொள்கை என்பதால், ஒவ்வொருவர் படம் பிடிக்கும்போதும் ஒரு புது முகவரி பிறக்கும். ஆறு பக்கம் தள்ளி, அதாவது மூன்று மணி நேரம் கழித்து உறுதியான பிறகுதான் போனில் காட்டும், ஏமாற்று வேலைக்கு இடமில்லை. ஊர் வாட்ஸப் குழுவில் அதை விளக்கி ஒரு வீடியோவும் போட்டிருந்தான். ஒரே ஒருவர் கட்டை விரல் காட்டினார். அவர் முடிதிருத்தும் கடைக்காரர். அத்தோடு அதை மறந்துவிட்டான்.

"பூஜ்யம்னா யாரும் அனுப்பலைன்னு அர்த்தம்ணே. நீங்க நோட்டைப் பாருங்க."

"இல்ல தம்பி, சிங்கப்பூர்ல இருந்து ஒரு ஆளு கூப்ட்டு..."

"அப்புறம்ணே. தயவுசெஞ்சு."

பிச்சை தலையை உள்ளிழுத்துக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்கு மண்டபத்தில் பிள்ளைகள் பசியில் அழும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெரியவர் இது மொய் விருந்தா மொய் விரதமா என்று உரக்கக் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். எழிலரசனுக்குக் காது சுட்டது. வேறு வழியில்லாமல், மிளகுக்காரர்கள் உலகம் முழுக்க இருந்து பேசும் அரட்டைக் குழுவுக்குள் போய், அவசரக் கூட்டம் வேண்டுமென்று எழுதினான்.

யுஹானி ஏற்கனவே அங்கே இருந்தார். அவர் ஏளனம் செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மிகவும் மரியாதையாக, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் பக்கத்தை நாற்பது வரியாக்கலாம், வரிசை மாலைக்குள் தீர்ந்துவிடும், நாளைக்குப் பழையபடி இருபதாக்கிக்கொள்ளலாம் என்றார். பக்கம் எழுதும் பெரிய இயந்திரங்களை வைத்திருந்த ஐந்து பேரில் நாலு பேர் சரி என்றார்கள். ஐந்தாமவர் எழிலரசன் சொன்னால் சரி என்றார்.

எழிலரசன் விசைப்பலகையின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரி என்று தட்ட இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்தில் இரண்டு வருஷக் கட்டுரைகளும், ஏழு மொழி வாசகர்களும், விட்ட வேலையும், அடகு வைத்த நகையும் பொய்யென்று ஆகிவிடும். நகை போனாலும் பரவாயில்லை, தான் சொன்னது சரி என்றாவது மிஞ்ச வேண்டும் என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. நகை தன்னுடையது இல்லை என்பது தோன்றவில்லை.

அவன் வேறொன்றைத் தட்டினான். வரிசையில் இருப்பது உண்மையான கூட்டமே இல்லை, பக்கத்தைப் பெரிதாக்க வைப்பதற்காக யாரோ வேண்டுமென்றே கொட்டும் குப்பை என்றான். யாரோ என்பது யார் என்று சொல்லவில்லை, யுஹானிக்குப் புரியும்படி விட்டான்.

ஆதாரமும் காட்டினான். இந்திய நேரம் சரியாக ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தொடங்கியிருக்கிறது. எல்லாம் சில்லறைத் தொகை. ஒன்றரை மிளகு, மூன்று மிளகு, ஆறு மிளகு என்று ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருகிறது. போய்ச் சேரும் முகவரிகள் ஒவ்வொன்றும் இன்று காலை பிறந்தவை. மனிதர்கள் இப்படி ஒரே நேரத்தில், ஒரே அளவில், முன்பின் இல்லாத முகவரிகளுக்குப் பணம் அனுப்புவார்களா?

தனக்கு அது மனிதர்களாகத்தான் படுகிறது என்றார் யுஹானி. இரண்டு மணி நேரமாக அவர்கள் பத்தும் இருபதுமாகக் கூலியைக் கூட்டி எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், இயந்திரம் கெஞ்சாது என்றார்.

எழிலரசன் அதற்குள் விதியை எழுதி முடித்திருந்தான். இன்றைக்குப் பிறந்த முகவரிக்குப் போகும் சில்லறைத் தொகை எதுவும் வரிசையில் நிற்காது, உடனே அனுப்பியவருக்கே திரும்பும். விதிகளுக்குக் கீழே எழுதியவன் பெயர் இருக்க வேண்டும் என்பது மிளகுக்காரர்களின் வழக்கம். போட்டான். திருப்பும்போது செல்போனில் ஒரு செய்தி தெரிய வேண்டும். எந்த மென்பொருளையும் தாய்மொழியில் இல்லாமல் அவன் வெளியிடுவதில்லை. கோபத்தோடு உட்கார்ந்து அதற்குத் தமிழும் எழுதினான். ஐந்தாமவர் அவன் பக்கம். குப்பை என்று கேட்டதும் மற்ற நாலு பேரில் இரண்டு பேர் பயந்து இந்தப் பக்கம் வந்தார்கள். விதி நிறைவேறியது.

பதினொன்றே முக்காலுக்கு வரிசை ஒரே மூச்சில் காலியானது. முந்நூற்று எண்பத்தாறு பேர் போய், இரண்டே இரண்டு மீதி. இரண்டும் எழிலரசன்.

பன்னிரண்டு மணிப் பக்கத்தில் அவன் பெயர் முதல் இரண்டு வரியிலும் ஏறியது. கூலி தொள்ளாயிரம் ரூபாய். மீதிப் பதினெட்டு வரியும் வெறுமையாகக் கிடந்தன. இன்னும் ஏழு நிமிஷத்தில் எண்பதாயிரம் ஆண்டிச்சாமியின் கணக்கில் விழுந்தது. பின்கட்டில் அண்டா மூடிகள் விலகும் சத்தம் கேட்டது. எழிலரசனுக்கு அழுகை வந்தது. யுஹானிக்கு, கூலிதான் சல்லடை என்று ஒரே வரி எழுதி அனுப்பினான். பிறகு பல்புகளை அணைத்தான், முகத்தைத் துடைத்தான், வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு அன்றைக்கு முதல் முறையாக மண்டபத்துக்குள் வந்தான்.

வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். பந்தியில் இலை போட்டிருந்தார்கள். ஆனால் பாதி இலைகளுக்கு முன்னால் ஆளில்லை. இரண்டு குடும்பங்கள் சாப்பிடாமல் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன. துபாயில் மகன் இருக்கும் வெள்ளைச்சாமி அவனைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று வரை எழில் எழில் என்று கூப்பிட்டவர். பசி பொறுக்காமல் கோபித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று எழிலரசன் நினைத்தான்.

"இருந்து சாப்ட்டுப் போங்க மாமா. கறி வந்துருச்சு."

அவர் நிற்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

தேவிப்ரியா மொய் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. எழிலரசன் அவளிடம் போய், பணம் வந்துவிட்டது, இனி ஒன்றும் கவலையில்லை என்றான். அவள் பிச்சையைக் காட்டினாள்.

பிச்சை நோட்டைத் திறந்து வைத்து, பேனாவை மூடி வைத்திருந்தார். முப்பது வருஷத்தில் விருந்து நடக்கும்போது அவர் பேனாவை மூடி யாரும் பார்த்ததில்லை. இடது காதில் ஒரு போன், வலது கையில் ஒரு போன், மேசை மேல் இன்னும் இரண்டு போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்துகொண்டிருந்தன. எழிலரசனைப் பார்த்ததும் காதிலிருந்ததை எடுத்து உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க வீடியோவுல சொன்னபடியே சிங்கப்பூர், துபாய்ல இருக்க நம்மாளுக முந்நூத்தி எண்பத்தாறு பேரு காலையில இருந்து கூலியக் கூட்டிக் கூட்டி ஒங்களுக்கு மொய் அனுப்பிருக்காங்க, அம்புட்டுப் பேரு போன்லயும் 'வேண்டாத குப்பை, திருப்பி அனுப்பப்பட்டது, இப்படிக்கு எழிலரசன்'னு வந்துருக்காம், நோட்டுல நான் என்னன்னு எழுத?"